மோரில் ஒரு ஸ்பூன் மாந்தோல்

மே 9, வியாழன்

சீசன் தொடங்கிவிட்டது. காலையில் நான் போகும்போதே ஆலை வாசலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் மாங்காய் லாரிகள் நின்றிருந்தன. கிருஷ்ணகிரியில் இனி இரண்டு மாதத்துக்கு எதைத் தொட்டாலும் பிசுபிசுப்புதான்.

எங்கள் ஆலையில் பழத்தைக் கூழாக்கி, டின்னில் அடைத்து, ஜூஸ் கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். கூழின் இனிப்பையும் புளிப்பையும் நிறத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். ஆனாலும் ஆலையின் பின்பக்கத்துக்கு இன்றுதான் முதல் தடவையாகப் போனேன். குழாயில் தண்ணீர் வரவில்லை, கை கழுவ இடம் தேடிப் போனேன்.

அங்கே தோல் மலையாகக் குவிந்து கிடக்கிறது. தோலும் கொட்டையும் பெல்ட்டில் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. டிராக்டர் வந்து அள்ளிக்கொண்டு போய் எங்கோ ஒரு பழைய கல்குவாரிப் பள்ளத்தில் கொட்டுமாம். புளித்த வாடை, கொசு மாதிரிச் சின்ன ஈக்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சதை ஒட்டிக்கொண்டிருந்த தோலெல்லாம் பூசணம் பிடித்திருந்தது. ஓரமாக விழுந்து வெயிலில் காய்ந்த மெல்லிய தோலில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. காய்ந்ததால் மட்டும்தானா? இல்லை, தோலுக்குள்ளேயே ஏதாவது இருக்கிறதா?

மேனேஜர் ரஹ்மத்துல்லா சார் எட்டிப் பார்த்தார். "குப்பைய ஏன் மேடம் மோந்து பாத்துக்கினு நிக்கறீங்க? உள்ள சாம்பிள் காத்துக்கினு இருக்குது."

கொஞ்சம் தோலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு உள்ளே போனேன்.

மே 12, ஞாயிறு

தோலைக் கழுவி, லேப் ஓவனில் குறைந்த சூட்டில் காயவைத்து, வீட்டு மிக்ஸியில் அரைத்தேன். பொன் நிறத்தில் பொடி வந்தது. மாம்பழ வாசனையோடு கொஞ்சம் பெயிண்ட் கடை வாசனையும் அடித்தது.

அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். "என்னாடி, மஞ்சத்தூளா?"

"மாங்கா தோலுக்கா."

"ஆலையில சம்பளத்துக்குப் பதிலா இதான் குடுக்கறாங்களா?"

அக்காவின் பெயர் கௌரம்மா. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். பழையபேட்டையில் இந்த வீட்டின் முன் அறையில் ஜாக்கெட் தைக்கிறாள். ஓசூரிலிருந்து நான் பெட்டியோடு வந்து நின்ற அன்று அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள், அவ்வளவுதான். ஓசூரைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அவளுக்குச் சர்க்கரை வந்து ஆறேழு வருடம் ஆகிறது. மாத்திரை போட்டும் குறையவில்லை, இன்சுலின் போட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் போன மாதம் சொன்னார். அக்கா எழுந்து வந்துவிட்டாள். "துணியில குத்தற ஊசி வேற, என்மேல குத்தற ஊசி வேற" என்கிறாள்.

மே 15, புதன்

பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதலில் துவர்ப்பு, பிறகு கசப்பு, கடைசியில் எங்கோ கொஞ்சம் பழம். இரண்டு மணி நேரத்தில் உதடு வீங்கி அரிக்க ஆரம்பித்தது. காம்பில் வடியும் மாம்பால் தோலிலும் இருக்கிறது. அதை யோசிக்கவில்லை.

நாளைக்குக் காம்புப் பக்கத்தை வெட்டிவிட்டு, வெந்நீரில் அலசிக் காயவைத்துப் பார்க்க வேண்டும்.

மேனேஜர் சார் என் உதட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பாவம், வேறு என்னவோ நினைத்திருப்பார்.

மே 18, சனி

இன்று லேபில் கூத்து.

வெந்நீரில் அலசிய தோல் அரிக்கவில்லை. ஒரு ஸ்பூன் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தண்ணீரைக் காணோம். பொடி அத்தனையையும் குடித்துவிட்டு ஆறிப்போன கேழ்வரகுக் கூழ் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு நார்ச்சத்தா? இது வயிற்றுக்குள் போனால் சோற்றோடு கலந்து இப்படித்தானே கெட்டியாகும்? அப்படியானால் சோற்றின் சர்க்கரை ரத்தத்துக்கு மெதுவாகத்தானே போகும்?

அதோடு விட மனசில்லை. இரண்டு டெஸ்ட் டியூபில் கஞ்சித் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் மட்டும் தோல் ஊறிய நீரைக் கலந்தேன். இரண்டிலும் என் எச்சிலைச் சேர்த்தேன். கஞ்சியில் மாவுச்சத்து இருக்கும்வரை அயோடின் சொட்டு நீலமாகும். எச்சில் மாவைச் சர்க்கரையாக உடைத்துவிட்டால் நீலம் வராது. சாதாரண டியூபில் சீக்கிரமே நீலம் வெளுத்துவிட்டது. தோல் நீர் கலந்ததில் அப்படியே நின்றது. மறுபடியும் செய்தேன், அதேதான். எச்சிலின் கையை யாரோ பிடித்து வைத்த மாதிரி.

நாலு மணி சாம்பிளை மறந்துவிட்டேன். திட்டு விழுந்தது.

பள்ளத்தில் கொட்டுகிற பொருள் இதைச் செய்கிறது!

மே 23, வியாழன்

கோயம்புத்தூரில் உணவு ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் ஒருவருக்கு இதையெல்லாம் எழுதிப் போட்டிருந்தேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது. மாந்தோலில் நார்ச்சத்தும், தண்ணீரைக் கெட்டியாக்கும் பெக்டினும், துவர்ப்புத் தரும் பாலிஃபீனாலும் உண்டு என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் ஆலைக் கழிவிலிருந்து நேரடியாக யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆசை, ஜூலையில் நேரில் வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். அவரிடம் ஒரு புதிய திட்டமும் இருக்கிறதாம், ஆள் எடுப்பார்களாம்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

மே 26, ஞாயிறு

"அந்தப் பொடிய எனக்குக் குடு" என்றாள் அக்கா.

"அதெல்லாம் வேணாங்கா. இன்னும் ஒண்ணும் தெரியாது."

"தெரிஞ்சிக்கத்தான்டி கேக்கறேன். நீ எச்சியில பாத்த, நான் வயித்துல பாக்கறேன். மாந்தோல்தானே? சின்னப் புள்ளையில கடிச்சித் தின்னதுதானே?"

மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மோரில் ஒரு ஸ்பூன். காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை மெஷினில் விரலைக் குத்திப் பார்ப்பது. இந்தக் குத்தலுக்கு மட்டும் அவள் பயப்படவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நீட்டிவிடுகிறாள்.

டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, நார்ச்சத்துதானே.

ஜூன் 1, சனி

ஆலையில் தோல் விழும் பெல்ட்டில் வேலை பார்க்கும் நாகவேணிக்கும் சர்க்கரை உண்டு. அக்கா சாப்பிடுவது எப்படியோ அவள் காதுக்குப் போய், அவளும் அவளைப் போலவே சர்க்கரை உள்ள கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்து நின்றார்கள்.

"டீயே இல்லாம இருக்கச் சொன்னாக்கூட இருப்பேன் மேடம். இதென்னா, மோர்தானே."

இவர்களுக்கு வேறு மாதிரி வைத்தேன். காலைச் சாப்பாட்டோடு பொடி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதனை. ஒருநாள் பொடியோடு, ஒருநாள் பொடி இல்லாமல். ஆலை கேன்டீன் என்பதால் மூன்று பேர் தட்டிலும் அதே நாலு இட்லி.

ரஹ்மத்துல்லா சார் ஒரு வார்த்தை சொன்னார்: "ஏதாச்சும் ஆச்சுன்னா ஆலைப் பேரு வரக் கூடாது மேடம்." நல்ல மனிதர், பயந்த சுபாவம்.

ஜூன் 5, புதன்

அக்காவுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. மெஷின் தப்போ என்று இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தேன். தப்பில்லை.

ஜூன் 9, ஞாயிறு

இன்றும் இறங்கியிருக்கிறது. தொடங்கியபோது நூற்றெண்பதுக்கு மேலே இருந்தது, இப்போது நூற்று இருபது. நாகவேணி கூட்டத்தில் இப்படி எதுவும் இல்லை. அவர்களுக்குப் பொடி சாப்பிட்ட நாளில் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். ஏன் அக்காவுக்கு மட்டும்? ராத்திரியில் கொடுப்பதாலா? மோரில் ஊறுவதாலா? உடம்புக்கு உடம்பு மாறுமா? மூன்று வகையிலும் யோசித்துப் பார்த்தேன்.

தோசை மாவு புளித்துப் பொங்கி டப்பா மூடியைத் தள்ளியிருந்தது. சீசன் முடியும்வரை ராத்திரியும் நான் ஆலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன், ஒருத்திக்கு இவ்வளவு எதற்கு அரைக்கிறாள்? கீழே கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவி வைத்தேன்.

அக்கா ஒரு பச்சை ஜாக்கெட்டைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாருடையது என்று கேட்டேன். "என்னுதுதான், தொளதொளன்னு ஆயிடுச்சு" என்றாள். எடையும் குறைகிறது! நார்ச்சத்து வயிற்றை நிரப்பினால் பசி அடங்கும், சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

காலையில் தொண்ணூற்றெட்டு.

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அக்கா எண்ணைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா வந்துக்குதா?" என்றாள். நல்லா வந்திருக்குது என்றேன். மெஷினுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

பேராசிரியருக்கு எழுதினேன். ஒரே ஒருவரை வைத்து எதையும் சொல்ல முடியாது, ஆனாலும் பார்க்க ஆவலாக இருக்கிறது என்று பதில் போட்டார். அவருடைய கடிதத்தில் இரண்டாவது பாதியை மட்டும் பலமுறை படித்தேன்.

ஊருக்கு ஊர் ஜூஸ் ஆலை இருக்கிறது. ஆரஞ்சுத் தோல், மாதுளைத் தோல், அன்னாசித் தோல். அவை எல்லாவற்றுக்குள்ளும் என்ன இருக்கிறது? எதற்காக நாம் உள்ளே இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டோம்?

சாயந்திரம் ஒரு பெண் வந்து, கை ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் தைத்திருக்கிறது என்று ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதாக அக்கா சொன்னாள். "கை லேசா நடுங்குச்சு. கரண்ட் போய்ப் போய் வந்துச்சு, அதான்." அவள் நெற்றியெல்லாம் வியர்வை. இந்த வருடம் வெயிலும் அதிகம்தான்.

ஜூன் 18, செவ்வாய்

ராத்திரி வந்தபோது அக்காவின் தட்டு ஈரமே இல்லாமல் அலமாரியில் இருந்தது. சாப்பிட்டாயா என்றேன். "எப்பவோ சாப்ட்டாச்சு, கழுவித் தொடைச்சும் வெச்சாச்சு, போய்ப் படு." எனக்கும் தூக்கம் சொக்கியது.

ஜூன் 22, சனி

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது அக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மெஷினில் துணி இல்லை. சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பி, என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "பஸ் போயிடும், கெளம்பு" என்றாள். நைட்டி முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை பனிக்கட்டி மாதிரி.

அப்போதும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? சர்க்கரை மெஷினை எடுத்ததுதான். சோதனை நேரம் அது.

நாற்பத்து மூன்று.

சமையலறைக்கு ஓடினேன். சர்க்கரை டப்பாவை அக்கா எங்கோ தூக்கி மறைத்து வைத்திருக்கிறாள், கிடைக்கவில்லை. ஃபிரிட்ஜில் நேற்று ஆலையிலிருந்து கொண்டுவந்த கூழ் இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனில் ஊட்டினேன். முதல் வாயைத் துப்பினாள். இரண்டாவதை விழுங்கினாள். "முழுங்குக்கா, முழுங்கு" என்று கத்திக்கொண்டே இருந்தேன். அந்தக் கிண்ணம் முடியும் நேரத்தில் அவள் என்னைச் சரியாகப் பார்த்து, "எதுக்குடி அழுவற?" என்றாள்.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் இங்கே கூட்டி வந்தேன். டிரிப்ஸ் ஏறுகிறது. ஆபத்து இல்லை என்கிறார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? பொடிக்கு இவ்வளவு வேகம் இருக்க முடியாது. இருக்கவே முடியாது. எங்கே தப்பு?

ஜூன் 23, ஞாயிறு

டாக்டர் பெனடிக்டா ரவுண்ட்ஸ் வந்தார். இன்சுலின் போடச் சொன்னவரும் அவர்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொடி, மோர், காலைச் சோதனை, எல்லாம். அவர் என்னைப் பார்க்காமல் அக்காவிடம் கேட்டார்.

"முந்தாநாள் ராத்திரி என்னம்மா சாப்ட்டீங்க?"

"மோரு."

"மோருக்கு அப்புறம்?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதுக்கு முந்துன நாளு?"

"மோருதான்."

"மாத்திரை?"

"அதெல்லாம் தவறாம போட்டேன். சத்தியம் பண்ணிக்குடுத்தேன் இல்ல."

டாக்டர் பேனாவை மூடினார். என் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி மாத்திரையையும் போட்டுட்டு வயித்தையும் காயப்போட்டா சர்க்கரை எறங்கத்தான் செய்யும். இதுக்கு மாந்தோல் எதுக்குங்க? நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்சி., உணவு வேதியியல்."

"கை நடுங்கியிருக்கும், வேர்த்திருக்கும், எளைச்சிருப்பாங்க. வீட்ல இருந்து பாக்கலியா?"

பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். எழுதியும் வைத்தேன்.

அவர் போனபிறகு கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை, அக்கா எதிரில் இருந்ததால் அவள்மேல் கொட்டினேன்.

"ஏன்கா சாப்பிடல? என்கிட்ட சாப்ட்டேன்னு பொய் சொல்லியிருக்க. ரெண்டு மூணு வாரமா!"

"மொத நாளு பசியில்ல, சாப்பிடல. காலைல நம்பரு கம்மியா வந்துச்சு. நீ சிரிச்ச." போர்வையை நீவிக்கொண்டே சொன்னாள். "அந்த ஓசூர்ல இருந்து வந்ததுல இருந்து நீ சிரிச்சு நான் பாக்கலடி. சோறு துன்னா நம்பரு ஏறுது, துன்னலன்னா எறங்குது. எனக்கு அவ்ளோதான் தெரியும். கோயம்புத்தூர் போற வரைக்கும்தானேன்னு இருந்தேன்."

"செத்திருப்பக்கா."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீதானே படிச்சவ."

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று வேளையும் நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறேன். ஆலைக்கு லீவு.

ஜூன் 28, வெள்ளி

இன்று ஆலைக்குப் போனேன். நாகவேணியிடமும் மற்ற இரண்டு பேரிடமும் நடந்ததைச் சொல்லி, இனிப் பொடி கிடையாது என்றேன். நாகவேணிக்கு ஏமாற்றம்.

"நாங்க ஒழுங்காத்தானே சாப்ட்டோம் மேடம்?"

"நீங்க ஒழுங்காத்தான் சாப்ட்டீங்க. நான்தான் கேக்க வேண்டியவங்கள கேக்காம ஆரம்பிச்சிட்டேன்."

மத்தியானம் அவர்களுடைய எண்களை மட்டும் எடுத்து வைத்துப் பார்த்தேன். பொடி சாப்பிட்ட நாட்களில் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை கொஞ்சம் குறைவு. எல்லா நாளும் இல்லை, பல நாள். சின்ன வித்தியாசம். தற்செயலாகவும் இருக்கலாம். அக்காவின் எண்களின் வெளிச்சத்தில் இது என் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. இப்போது பார்த்தால் இதுதான் விசித்திரமாக இருக்கிறது. பொய் எண் மலை மாதிரி வந்தது. உண்மை இருந்தால், இவ்வளவு சின்னதாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

பேராசிரியருக்கு எழுதினேன். அக்காவின் எண்கள் செல்லாது, ஏன் செல்லாது, எனக்காக அவள் என்ன செய்தாள், எல்லாவற்றையும். என்னைக் கூப்பிட வேண்டியதில்லை என்றும் எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

பதில் வந்துவிட்டது. திட்டியிருக்கிறார், நன்றாகவே. அனுமதி இல்லாமல், டாக்டருக்குத் தெரியாமல், மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொடி கொடுத்தது தவறு என்று நேராகவே எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே ஒரு கேள்வி: "தோலில் பூச்சி மருந்து எச்சம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை.

மரத்தில் அடிக்கும் மருந்து முதலில் விழுவது தோல்மேல்தானே. நல்லது எங்கே சேர்கிறதோ கெட்டதும் அங்கேதான் சேரும். உதடு அரித்தபோதாவது யோசித்திருக்கலாம். மாம்பாலைப் பற்றி யோசித்தேன், மருந்தைப் பற்றி யோசிக்கவில்லை. நாகவேணி வந்து நின்றபோது யோசித்திருக்க வேண்டும்.

மீதிப் பொடியை அவருடைய லேபுக்கு அனுப்பினேன்.

ஜூலை 19, வெள்ளி

சீசன் முடிந்தது. பெல்ட்டைக் கழுவிவிட்டார்கள். பின்பக்கம் வெறும் ஈரத் தரைதான்.

லேப் முடிவும் வந்தது. நான் அனுப்பிய இரண்டு பையில் ஒன்று சுத்தம். இன்னொன்றில் மருந்து எச்சம், அனுமதித்த அளவைவிட அதிகம். ஒரே மாதிரிதான் அலசினேன். வேறு வேறு தோப்புப் பழமாக இருக்கும்.

நாகவேணி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மூன்று பேரையும் டாக்டர் பெனடிக்டாவிடம் கூட்டிப் போனேன். பரிசோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சநாள்தானே என்றார். என்னிடம் மட்டும், "அடுத்து என்ன பொடி மேடம்?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த முடிவோடு பேராசிரியர் ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தார். ஆறு மாதத்துக்குத் தற்காலிக வேலை. எந்தத் தோப்புத் தோலில் எச்சம் இருக்கிறது, எப்படி அலசினால் போகிறது, போகும்போது நல்லதும் சேர்ந்து போய்விடுகிறதா என்று கண்டுபிடிப்பது. "மனிதர்கள் பக்கம் போகக் கூடாது. தோலோடு மட்டும் இருக்க வேண்டும். உங்கள் எண்களை நீங்களே அடித்துவிட்டு எழுதியதால்தான் கேட்கிறேன்."

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அக்காவை விட்டுவிட்டு எப்படிப் போவது? எழுதவில்லை, பதில்.

ஜூலை 21, ஞாயிறு

அக்கா குறிப்பைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். போகவில்லை என்றேன்.

"ஏன்?"

"நீ மறுபடியும் சாப்பிடாம இருப்ப."

"இருக்க மாட்டேன்."

"எப்படி நம்பறது?"

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் அவர் இருந்தார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்ததும், "அந்த ஊசிய எப்படிப் போட்டுக்கறதுன்னு சொல்லிக்குடுங்க" என்றாள்.

நர்ஸ் காட்டினாள். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊசிமுனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வயிற்றில் சதையைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். என்னை வெளியே போகச் சொன்னாள். கதவிடுக்கில் நின்று கேட்டேன்.

"இவ்ளோதானா?" என்றாள் உள்ளே. கொஞ்ச நேரம் கழித்து, "இது நம்ம பத்தாம் நம்பர் ஊசியவிட மெலிசு" என்றாள்.

ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் அவளுக்கு விளக்கினார். அன்று வந்த மாதிரியே வரும், அதைவிட மோசமாகவும் வரும். அக்கா திருப்பிச் சொல்லிக் காட்டினாள். அவருக்குச் சொன்னாளா, எனக்குச் சொன்னாளா தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

கோயம்புத்தூர். லேபில் முதல் நாள்.

என் மேசையில் ஐந்து தட்டில் தோல் வைத்திருக்கிறார்கள், ஐந்து தோப்புத் தோல், உறைய வைத்தது. பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஒன்று, சோடா உப்பில் ஒன்று, வெந்நீரில் ஒன்று என்று தொடங்கினேன். பேராசிரியர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் ஒரு மணிக்குப் போன் வந்தது.

"ஊசி போட்டுக்கினேன்."

"காலைலயே போடணும்னு சொன்னாங்களே?"

"காலையிலதான்டி. சொல்றதுக்கு இப்பத்தான் போன் பண்றேன். நீ வேலைல இருப்பன்னு."

"சாப்ட்டியா?"

கேட்டபிறகு எனக்கே சங்கடமாக இருந்தது. அவள் ஆமாம் என்றால் என்ன செய்வேன்? நம்பித்தானே ஆக வேண்டும்.

அக்கா ஆமாம் என்று சொல்லவில்லை. போனை எங்கோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. தட்டு நகர்ந்தது. கூடவே அவள் குரல், தூரத்திலிருந்து: "களியும் கீரைக்குழம்பும். பேசாத, கேட்டுக்கினு இரு."

நான் வராண்டாவில் நின்றேன். உள்ளே தோல் ஊறிக்கொண்டிருந்தது. அக்கா குழம்பை உறிஞ்சுவதும், விழுங்குவதும், நடுவில் காரம் என்று முனகித் தண்ணீர் குடிப்பதும் கேட்டது. ஒரு தடவை புரையேறியது. யாரோ ஜாக்கெட் கேட்டு வந்தார்கள் போல. "சாப்பிடறேன், அப்புறம் வா" என்று அனுப்பினாள். அவசரப்படவில்லை. தட்டை வழிக்கும் சத்தம் கேட்கும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.